தொண்ணூற்றைந்தும் மீதி ஐந்தும்

திரையைத் தொடுவதற்கு முன்னால் ஹேமந்த் உள்ளங்கையை லுங்கியில் ஒருமுறை துடைத்துக்கொள்வான். கைப்பேசிக்குள் அவனுடைய வில்லாளி மதில்மேல் நிற்கிறான். எதிரி இரண்டு கட்டம் தள்ளி. அம்பு பட வாய்ப்பு தொண்ணூற்றைந்து சதவீதம் என்று மின்னுகிறது. தொடுகிறான். அம்பு புல்லில் விழுகிறது.

"பாத்தியாக்கா, பிராடு கேமு" என்று கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அக்கா மோகனாவிடம் முறையிடுகிறான்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் மெஷினில் தம்பிக்கு நிகர் யாருமில்லை என்று மோகனா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். பொய்யில்லை. வெட்டும் அச்சை வைக்குமுன் தோலைக் கழுத்துப் பக்கத்திலிருந்து வால்வரை உள்ளங்கையால் தடவுவான். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், கண்ணில் படாத தொய்வு எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். ஒருமுறைதான் தடவுவான். இன்னொரு முறை அவனுக்குத் தேவைப்பட்டதில்லை.

"தோல்ல கோளாறு இருந்தா கை சொல்லிடும். இதுல அந்த அஞ்சு எங்க கீதுன்னே தெரியல" என்பான்.

"கேம்ல அவர் ஆளு செத்தா நம்ம வூட்டு ரசத்துல உப்பு கம்மியாய்டும் அண்ணி" என்று மனைவி சங்கீதா கேலி செய்வாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கும். இதய வால்வு சுருங்கியிருக்கிறது. ஆபரேஷன் செய்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் பிழைக்கிறார்கள், தள்ளிப்போட்டால் அது குறையும் என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். போன வருஷம் ஹேமந்தின் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது தொண்ணூறு என்றார்கள். அம்மா வீடு திரும்பவில்லை. இந்த விளையாட்டு அதற்குப் பிறகு பிடித்துக்கொண்டதுதான். டாக்டரிடம் தேதி கேட்கவும் அவன் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்யும் ஒவைஸ் வந்திருந்தான். கேம் ஏமாற்றத்தான் செய்கிறது, ஆனால் உனக்குச் சாதகமாக என்று அவன் சிரித்தான். ரெண்டு தடவை குறி தவறினால் ஆடுகிறவன் மனசு விட்டுவிடக் கூடாதென்று, அடுத்த தடவை வெளியே காட்டாமல் சதவீதத்தைக் கொஞ்சம் ஜாஸ்தி போட்டுக்கொடுக்கும்படி செய்து வைத்திருக்கிறார்களாம்.

ஹேமந்த் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.

"ஆஸ்பத்திரில அப்டி ஜாஸ்தி போட்டுக் குடுப்பாங்களாடா? எங்களுக்கு அம்மா விஷயத்துல ஏற்கெனவே ஒண்ணு போயிருக்குது."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மோகனாவின் கை நின்றது. சங்கீதாதான் பேசினாள்: "கோட்டைக்குள்ளயே உக்காந்துனு இருந்தா மட்டும் இன்னா ஆவப்போவுது? நாளைக்குப் போய் தேதி வாங்கினு வாங்க."

ஆபரேஷன் அன்று காலை பச்சை அங்கியில் தள்ளுவண்டி ஓரம் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வளையல்கள் மோகனாவின் கைப்பையில் இருந்தன. நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஹேமந்த் உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். சங்கீதாவின் பின்கழுத்தில் வைத்து, இடுப்புவரை மெதுவாகத் தடவினான். பிறகு, கையை மறுபடியும் கழுத்துக்குக் கொண்டுபோனான்.