இனிப்பில்லாத செரி

கிங்ஸ்பரியில் மகள் வீட்டில் இருக்கிறேன். டாக்டர் எனக்கு மதுவைத் தடுத்துவிட்டார். இருந்தும் நேற்று மருமகன், ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்த செரி வைனில் எனக்கும் கொஞ்சம் ஊற்றினார்.

"இதிலை இனிப்பே இல்லை மாமா. பீப்பாவை ஒருநாளும் முழுக்க வெறுமையாக்க மாட்டினம். பழசிலை கொஞ்சம் எடுத்துப்போட்டு, புதுசை அதுக்குள்ளையே விடுவினம். மேலை வெள்ளையாய் ஆடை படிஞ்சு கிடக்குமாம்."

முகர்ந்தேன். புளித்த மாவும் உப்பும் கலந்த வாசம். பனங்கள் குடித்துவிட்டு வரும் அப்பாவின் சட்டையிலும் இதே வாசம்தான்.

யாழ்ப்பாணத்தில் அப்பா வேலை முடிந்து வந்ததும், அவரைக் கொஞ்சச் சொல்லி அம்மா என்னை அனுப்புவார். கள் வாசம் அடித்தால் நான் அம்மாவைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். தலையாட்டினால் அன்றிரவு அப்பாவுக்குச் சோறில்லை.

ஒருநாள் அப்பா குனிந்து, "இண்டைக்கு மட்டும் சொல்லாதை ராசா, நல்லாப் பசிக்குது" என்றார். அம்மா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினேன். அதன்பிறகு அப்பா என்னைக் கொஞ்சக் குனிந்ததே இல்லை.

"அப்பா, இவர் உங்களுக்கும் ஊத்தினவரோ?" குசினியிலிருந்து மகள் கேட்டாள். மருமகன் என்னையே பார்த்தார்.

"இல்லைப் பிள்ளை" என்றேன்.

அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.