லகோட்டா தலைவர்களைப் பார்க்கப் போன சனிக்கிழமை

போனது 2005 அக்டோபர் 15, சனிக்கிழமை. ஜெர்மனியில் மார்பர்க் பக்கம் ஒரு சிற்றூர் அருங்காட்சியகத்தில், லகோட்டா என்ற அமெரிக்கப் பழங்குடித் தலைவர்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படங்களை ஆண்டுக்கு இரண்டு வாரம் மட்டும் வெளியே எடுத்து வைக்கிறார்கள் (வெளிச்சம் பட்டால் மங்கிவிடுமாம்) என்று ஒரு துண்டறிக்கை கண்ணில் பட்டது. நான் வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை பார்ப்பவன். புகைப்படக் கலையில் பெரிய ஞானம் கிடையாது. ஆனால் தேவாலயத்தில் தமிழ்ப் பூசையில் பழக்கமான அருளப்பு அண்ணனிடம் அந்தத் தாளைக் காட்டினேன். "எப்ப போறம்?" என்றார். மன்னாரில் பதினான்கு வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவர். இங்கே ஓர் ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறார். ஞாயிறும் வேலை, சனி மட்டும்தான் ஓய்வு.

அவரிடம் இருப்பது 'டுல்டுங்'. திருப்பி அனுப்பாமல் இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறோம் என்று சொல்லும் காகிதம். அதை வைத்துக்கொண்டு மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டுவதென்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நிரந்தரமாகத் தங்க அவர் போட்டிருந்த மனு அப்போது பரிசீலனையில் இருந்தது. இந்த நேரத்தில் ஒரு சின்ன மீறல்கூட ஆகாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். அண்ணன் இரண்டு தடவை அலைந்து அனுமதி வாங்கிவிட்டார்.

காலை 6.50க்கு வீஸ்லோக்-வால்டோர்ஃப் நிலையத்தில் ஏறினோம். வார இறுதிச் சீட்டு முப்பது யூரோ. ஐந்து பேர் வரை போகலாம், சாதா ரயில் மட்டும். ஹைடல்பெர்க்கில் மாறி, பிராங்க்ஃபர்ட் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். வைன்ஹைம் தாண்டினால் ஹெஸ்ஸன் மாநிலம். தாண்டிய பிறகுதான் அண்ணன் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

"தம்பி, இதில என்ன திகதி போட்டிருக்கு?"

வாசித்தேன். 16.10.2005. மறுபடி வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை.

"அண்ணே, நீங்க எந்தத் தேதி கேட்டீங்க?"

"பதினைஞ்சு. சனி எண்டு வாயாலயும் சொன்னனான்."

யாரோ தட்டச்சில் ஓர் எண்ணை மாற்றிவிட்டார்கள். வாங்கிய அன்றே நானாவது ஒருமுறை பார்த்திருக்கலாம். துண்டறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டியதே நான்தானே. பென்ஸ்ஹைமில் இறங்கி, எதிர் நடைமேடையில் நின்றோம். திரும்பும் வண்டிக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

"சாரிண்ணே. திரும்பிடலாம்."

அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பவே எல்லையைத் தாண்டித் தானே நிக்கிறம். திரும்பினாலும் பிழை, போனாலும் பிழை. பாத்திட்டே போவம், தம்பி."

அடுத்த வடக்கு வண்டியில் ஏறினோம். பிராங்க்ஃபர்ட்டிலும் மார்பர்க்கிலும் மாறும்போது சீருடை எங்கே தெரிந்தாலும் நான் வேகமாக நடந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து, "ஓடாதை, ஓடினாத்தான் பாப்பினம்" என்றார். நிலையத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. 11.50க்குப் போய்ச் சேர்ந்தோம். நுழைவு மூன்று யூரோ.

மங்கலான ஓர் அறை; பதினொரு படங்கள். நிலம் பற்றிப் பேச வாஷிங்டனுக்கு வந்தபோது பல தலைவர்கள் ஸ்டூடியோக்களில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டவை என்றது குறிப்பு. யாரும் சிரிக்கவில்லை. நான் முகங்களைப் பார்த்தேன். அண்ணன் குனிந்து கால்களைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த ஒருவரின் தோல் காலணிக்குப் பின்னால் இரும்புப் பாதம் ஒன்று தெரிந்தது.

"அசையாம நிக்க, பின்னால கம்பி வச்சு தலையைப் பிடிச்சிருக்கிறாங்கள். கம்பி பிடிச்சும் பார், இவர் தன்ர பாட்டில தான் நிக்கிறார்." பிறகு இரண்டு படங்களை மாறி மாறிக் காட்டினார். "இந்த மேலங்கியும் அந்த மேலங்கியும் ஒண்டு. ஸ்டூடியோக்காரன்ர. என்னட்டயும் ஒரு கோட் இருந்தது. மன்னாரில பாதிப்பேர் அடையாள அட்டையில என்ர கோட்டோட தான் நிக்கினம்."

சுவரில் இன்னொரு குறிப்பு இருந்தது. வாசித்துச் சொல்லச் சொன்னார். ஒதுக்கப்பட்ட நிலத்தை விட்டு வெளியே போக, இவர்களுடைய மக்கள் அரசு அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

"எத்தினை நாளுக்குக் குடுப்பினமாம்?"

"அது போடல, அண்ணே."

அதன்பின் ஒவ்வொரு படத்தின் முன்னும் வெகுநேரம் நின்றார். அவசரப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.

2.10க்குத் திரும்பும் வண்டி. டார்ம்ஸ்டாட்டில் இரண்டு போலீஸார் ஏறினார்கள். நிறைந்திருந்த பெட்டியில் நேராக எங்களிடம் வந்தார்கள். என் கடவுச்சீட்டு பத்து விநாடியில் கைக்குத் திரும்பியது. அண்ணனின் காகிதத்தை இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இது நாளைக்கான அனுமதி" என்றார் ஒருவர்.

அலுவலகத் தவறு என்று ஜெர்மனில் விளக்கினேன். சனிக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கும், கேட்டு உறுதிசெய்ய முடியாது என்றார்கள். பென்ஸ்ஹைமில் அவரை இறக்கினார்கள், நானும் இறங்கினேன். நிலையத்துப் போலீஸ் அறைக் கதவுக்கு வெளியே ஒரு மணி இருபது நிமிடம் நின்றேன். மீறலாகப் பதிந்து, கடிதம் வரும் என்று சொல்லி விட்டார்கள். வெளியே வந்த அண்ணன் முதலில் கேட்டது: "நீ ஏன் இறங்கினனீ? வேலை விசாவில இருக்கிறாய் எல்லே?"

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அவரோடு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா கோப்பைப் புரட்டினார். அண்ணன் கையெழுத்தில் 15 என்று தெளிவாக இருந்தது. முகம் சிவந்துபோய், தவறு தங்களுடையது என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். மூன்று வாரம் அண்ணனுக்குச் சரியான தூக்கம் இல்லை. பிறகு வழக்கைக் கைவிட்டதாகக் கடிதம் வந்தது. மனு மட்டும் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: ஒரு வழிக்கு நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். உள்ளே ஃப்ளாஷ் கூடாது. படங்களின் ஓரங்களையும் பாருங்கள். ஸ்டூடியோக்காரன் மறைக்க மறந்தது அங்கேதான் இருக்கும். என்னைப் போன்ற விசாக்காரர்களுக்கு வேறு கவலை இல்லை. அனுமதிக் காகிதத்தோடு போகிறவர்கள், கொடுத்த இடத்திலேயே நின்று தேதி, ஊர், பெயர் மூன்றையும் வாசியுங்கள்.

நேற்று அண்ணன் தொலைபேசினார். "தம்பி, அனுமதி கேட்டு இன்னொரு அன்ட்ராக் எழுதிப் போட்டிருக்கிறன். வட கடலுக்கு. ஒன்பது வருசம், இஞ்ச இன்னும் கடலைக் காணேல்ல."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குமே, அண்ணே. என்ன எழுதினீங்க?"

"கடல் பாக்க எண்டு தான். அந்த அம்மா சிரிக்கேல்ல. திகதியை ரெண்டு தரம் எனக்கு வாசிச்சுக் காட்டினவ."