இடது ஜோபி கன்னியப்பன்

பருத்திப்பட்டில் வந்து கன்னியப்பன் என்று கேட்டால், "எந்தக் கன்னியப்பன்?" என்பார்கள். ஜோபி கன்னியப்பன் என்று சொல்லிப் பாருங்கள், நேராக வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள். போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வருவார்கள், அதுதான் தொல்லை.

ஆள் ஆவடியில், பட்டாளத்துக்கு உடுப்பு தைக்கிற ஃபாக்டரியில் டைலர். டைலர் என்றதும் முழுச் சட்டை தைப்பான் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே ஒரு சட்டைக்கு ஒரு தெருவே உட்கார்ந்திருக்கும். காலர் ஒருத்தன், கை ஒருத்தன், காஜா ஒருத்தன். கன்னியப்பன் பங்குக்கு வந்தது ஜோபி, அதாவது சட்டைப்பை. அதிலும் இடது மார்பில் வைக்கிற ஜோபி மட்டும். வலது ஜோபி பக்கத்து மிஷின் லட்சுமணன் பாடு. சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு ஆள் எடுத்தபோது உள்ளே போனவன். அன்றிலிருந்து இடது பக்கத்தைத் தாண்டி வந்ததே இல்லை.

அவன் வீட்டில் ஜோபி என்பதே அவன் காலத்தில் வந்த சங்கதி. அப்பன் ஏரிக்குக் கீழே ஊரார் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர். இடுப்பில் கோவணம், தலையில் ஒரு துண்டு. உடம்பில் பொருள் வைக்க இருந்த ஒரே இடம் காது, அதில் பீடி இருக்கும். அதனாலோ என்னவோ, கன்னியப்பனுக்கு ஜோபி மேல் அப்படி ஒரு பிரியம். ஒரு துணி வெறுமனே இருந்தால் அவனுக்குத் தாங்காது. ஜோபி இல்லாத துணி அவன் கண்ணுக்கு மூக்கில்லாத முகம் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீட்டில் இருக்கிற பழைய மிஷினுக்கு எண்ணெய் போட்டு உட்கார்ந்துவிடுவான். குடும்பத்துக்கு அன்பளிப்பு தைக்கிறானாம். கடைக்குப் போகிற பைக்கு வெளியே நாலு ஜோபி. கத்திரிக்காய் எதில் போட்டோம் என்று சொர்ணம் தேடிக்கொண்டிருப்பாள். சொர்ணம் அவன் பெண்சாதி. அவளுக்கு ரவிக்கையில் உள்பக்கமாக ஒன்று வைத்தான். "மானத்த வாங்கறியேய்யா" என்று திட்டினாள். திட்டினவள் அதைப் பிரித்தாளா என்றால் இல்லை, சில்லறையெல்லாம் அதில்தான் கிணுகிணுக்கும். மச்சினன் முனியனுக்கு பொங்கலுக்கு ஒரு துண்டு கொடுத்தான், மூலையில் ஜோபி. அந்தத் துண்டை முனியன் தோளில் போட்டால் பீடிக்கட்டு கனத்துக்கு ஒரே பக்கமாக வழுக்கி விழும். டீக்கடையில் அவன் குனிந்து குனிந்து எடுக்கிற அழகைப் பார்க்கவே நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

அம்மனையும் விடவில்லை. பொன்னியம்மன் கோயிலுக்குத் திரைத்துணி தைத்துக் கொடுத்தான். பூசாரி வேம்புலி விரித்துப் பார்த்துவிட்டு, "இன்னா கன்னியப்பா, ஆத்தா இன்னாத்த போட்டு வெக்கப் போறா இதுல?" என்றார். இப்போது அதில் கற்பூரமும் தீப்பெட்டியும் இருக்கின்றன. வேம்புலியின் மூக்குப்பொடி மட்டையும் இருப்பதாகக் கேள்வி. ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அவனை அரித்துக்கொண்டே இருந்தது. இத்தனை ஜோபி தைத்து அனுப்புகிறோமே, அதில் பட்டாளத்துக்காரன் என்னத்தை வைப்பான்? எழுபத்தொண்ணில் சண்டை வந்து, ராப்பகலாக மிஷின் ஓடியபோது இதே யோசனை. சீப்பா, பொண்டாட்டி போட்டோவா, வெற்றிலையா? ஒருநாள் ஆவடி ஸ்டேஷனில் வாட்டசாட்டமான சிப்பாய் ஒருவன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். இடது ஜோபி லேசாகப் புடைத்திருந்தது. கன்னியப்பனால் கண்ணை எடுக்க முடியவில்லை. கிட்டே போனான், இன்னும் கிட்டே போனான், தையலைப் பார்க்கிற ஜோரில் மூடியின் மேல் விரலை வைத்தேவிட்டான். சிப்பாய் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நம்மாளுக்கு ஏரி, கரை எல்லாம் தெரிந்தது. ஜோபி தைக்கிறவனையே பிக்பாக்கெட் என்று பிடித்தது இந்த ஊரில்தான் நடக்கும். கூட வந்த லட்சுமணன் ஃபாக்டரி இந்தியில் எதையோ சொல்லி மீட்டான். விஷயம் புரிந்ததும் சிப்பாய் விழுந்து விழுந்து சிரித்தான். முதுகில் ஒரு தட்டும் தட்டினான். ஆனால் உள்ளே இருந்ததை மட்டும் காட்டவில்லை. உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

"அதான்டா ஜோபி," என்றான் லட்சுமணன் வழியில். "காட்றதுக்கா வெக்கிறது?"

இதற்கு அடுத்த வருஷம் மகள் பத்மாவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளை உத்தமன், திருவேற்காடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து ஓட்டுகிற பையன். அவன் அம்மா பெயர் சாமுண்டீஸ்வரி, பேருக்கேற்ற குரல். பஜ்ஜி சாப்பிட்டாயிற்று, பெண்ணைப் பிடித்தாயிற்று. எழுந்திருக்கிற நேரத்தில் அந்தம்மா கண் ஜன்னல் மேல் போயிற்று. ஜன்னல் திரையில் ஜோபி. ஜோபியில் ஒரு சீப்பு, பாதி கடித்த வேப்பங்குச்சி.

"இன்னாமே சம்மந்தி, ஜன்னலுக்கு சொக்காய் மாட்டி வெச்சிக்கிறீங்க?"

வந்த கூட்டம் மொத்தமும் சிரித்தது. உத்தமன்கூடச் சிரித்தான். கன்னியப்பனும் பெருமையாகச் சிரித்தான், பாராட்டு என்று நினைத்துக்கொண்டு. பத்மா மட்டும் உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் போனதும் அவள் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"நைனா, நான் போற ஊட்ல என்ன ஜோபிக்காரன் பொண்ணுன்னு கூப்புட வெக்காத."

"இன்னாமா இது, ஒரு பேச்சுக்கு சொல்லிச்சு அந்தம்மா…"

"சீர்ல எதுவும் நீ தெக்க வேணாம். கடையில வாங்கிக்கலாம்."

கன்னியப்பன் முகம் போன போக்கைப் பார்த்து சொர்ணம் நடுவில் புகுந்தாள். "ஏண்டி, அப்பன் கையால ஒண்ணாவது எடுத்துகினு போ."

பத்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி. தலையாணி உறை ரெண்டு. ஆனா ஜோபி இருக்கக் கூடாது. ஒண்ணு இருந்தாலும் இங்கயே கழட்டிப் போட்டுட்டுப் போவேன். சொல்ட்டேன்."

மகள் தன் கைத்துணியில் தலை வைத்துப் படுக்க வேண்டும், கன்னியப்பனுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஜோபி வேண்டாம் என்றால் வேண்டாம். பூந்தமல்லி போய் நல்ல வெள்ளை பாப்ளின் வாங்கி வந்தான். மிஷினில் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அவனுக்குத் தையலே தெரியாது.

வேறொன்றுமில்லை. நீளமாக ஒரு கோடு ஓட்ட வேண்டும். ஜோபி அளவுக்கு ஓடியதும் கை தானாகத் துணியைத் திருப்பிவிடுகிறது. பிரித்துவிட்டு மறுபடி ஓட்டினான். அதே இடத்தில் மறுபடி திரும்பியது. உறை முழுக்கப் படிக்கட்டு மாதிரி தையல். சொர்ணம் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"யோவ், தலையாணிக்கு உறை தெக்கச் சொன்னா, மலை ஏறறதுக்கு வழி போட்டுகினு கீற."

"சும்மா இரு சொர்ணம். கை கேக்க மாட்டேங்குது."

"மூணு பக்கம் மூடி ஒரு பக்கம் தொறந்திருந்தா அது இன்னா? உறையும் ஒரு பெரிய ஜோபிதான்யா. அப்பிடி நெனச்சுகினு தெய்யி."

அட, ஆமாம். பூதம் மாட்டுகிற சட்டைக்கு இடது ஜோபி தைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான். கை கேட்டது. இரண்டு உறையும் பிசிறில்லாமல் வந்துவிட்டன.

ஆனால் வெறுமையாக இருந்தன. மற்ற வீட்டு உறைகளில் கிளி இருக்கும், ரோஜா இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. மூக்கில்லாத முகம் இரண்டு அவனையே பார்த்தன. சொர்ணம் தண்ணீருக்குப் போயிருந்தாள். பத்மா தோழி வீட்டில். கன்னியப்பன் வாசலைப் பார்த்தான். ஒரு உறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினான். வாய் ஓரமாக, உள்ளே, யார் கண்ணுக்கும் படாத இடத்தில், குட்டியாக ஒன்று. பட்டாளத்து ஜோபி மாதிரியே மூடி வைத்தான். பொத்தான் மட்டும் வைக்கவில்லை. வைத்தால் பெண்ணின் கன்னத்தில் அழுத்தும். அப்படியும் சந்தேகம் தீராமல் தலையணையை மாட்டி, தரையில் போட்டு, கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அழுத்தவில்லை.

பத்மா வந்து சோதனை போட்டாள். ஃபாக்டரி செக்கர் தோற்றான். ஓரமெல்லாம் விரலால் தடவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

"ஜோபி இல்ல," என்றாள். பிறகு மெதுவாக, "நல்லா கீது நைனா."

வைகாசியில் கல்யாணம். உறைகள் தலையணையோடு திருவேற்காடு போய்ச் சேர்ந்தன. வண்டி கிளம்பும்வரை அழாத கன்னியப்பன், தலையணை மூட்டை ஏறியதும் அழுதான். பாசம் என்று ஊர் நினைத்தது. பாதி பாசம்தான். மீதி பாதி பயம். அப்போதுதான் அவன் மண்டையில் உறைத்திருந்தது: உறை என்றால் துவைப்பார்கள். துவைத்தால் திருப்பிப் போட்டுக் காய வைப்பார்கள். கொடியில் ஜோபி தெரியும். சாமுண்டீஸ்வரி, "தலையாணிக்கும் சொக்காயா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லும். பத்மா அங்கே நின்று அதைக் கேட்பாள்.

அன்றிலிருந்து ஆளுக்குச் சோறு இறங்கவில்லை. துணியைப் பார்த்தாலே கவலை. சனிக்கிழமை வெயில் அடித்தால் கவலை, இன்றைக்குத் துவைப்பார்களோ என்று. மழை பெய்தால் கொஞ்சம் நிம்மதி. ஒருநாள் ஆவடி பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டான்.

"மாப்ள, சௌக்கியமா? வந்து… ஊட்ல துணியெல்லாம் யாரு தொவைக்கிறது?"

மகளுக்கு வேலை ஜாஸ்தியோ என்று மாமனார் கவலைப்படுகிறார் என்று உத்தமன் எடுத்துக்கொண்டான். நெஞ்சை நிமிர்த்தினான். "எங்கம்மாதான் மாமா! பத்மாவ அந்தப் பக்கமே உடறதில்ல. மொத்தத் துணியும் எங்கம்மாதான்!"

கன்னியப்பன் பக்கத்தில் இருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். "இப்ப சந்தோசமா மாமா?" என்றான் உத்தமன்.

"ரொம்ப," என்றான் கன்னியப்பன்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். இவர்கள் போவதற்குள் சாமுண்டீஸ்வரியே பத்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டது. பத்மா கையில் ஒரு துணி மூட்டை. கன்னியப்பன் மூட்டையைப் பார்த்தான், அந்தம்மா வாயைப் பார்த்தான்.

காபி குடித்து முடித்ததும் வாய் திறந்தது.

"சம்மந்தி, உங்க தலையாணி உறைய பத்திப் பேசணும்."

கன்னியப்பன் காலி டம்ளரை மறுபடி வாயில் வைத்தான்.

"அதுல அப்பிடி இன்னாத்த தெச்சு வெச்சிக்கிறீங்கன்னு தெரியல. ஊட்டுத் துணி பூரா என் கையில குடுக்குது. அந்த ஒரு உறைய மட்டும் கொடுக்கறதில்ல. தானே தொவைக்குது, உள்ளாற நெழல்ல காய வெக்குது, தானே மாட்டுது. ஊருக்கு வரச்சொல்லோகூட உட்டுட்டு வரல, மூட்டையில கட்டிகினு வந்துக்குது. நான் இன்னா கடிச்சா தின்னப் போறேன்?" அந்தம்மா சிரித்தது. "அப்பன் தெச்சதாச்சே. இருக்கட்டும், இருக்கட்டும்."

கன்னியப்பன் மெதுவாகத் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தான். பத்மா மோட்டுவளையில் பல்லி தேடிக்கொண்டிருந்தாள்.

சம்பந்தியம்மா பஸ் ஏறிய பிறகு அவள் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூட்டையைப் பிரித்து உறையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏமாத்திட்ட இல்ல?"

"இல்லமா… கை தானா…"

"அந்த ஊட்ல ஒரே பொட்டி நைனா. என் துணி, நாத்தனாருங்க துணி, எல்லாம் ஒண்ணாதான் கெடக்கும். என் கொண்டை ஊசிய யார் வேணா எடுத்து சொருகிப்பாங்க. நல்லவங்கதான். ஆனா எனுக்குன்னு ஒரு மூலை இல்ல." உறையின் வாயை விரலால் நிமிண்டினாள். "வந்த வாரமே படுத்துகினு அழச்சொல்லோ கை உள்ள போச்சு. தட்டுப்பட்டுது. அழுகைய உட்டுட்டு சிரிச்சிட்டேன்."

கன்னியப்பன் மிஷின் சக்கரத்தில் இல்லாத தூசியைத் துடைத்தான்.

"சின்னதா பூட்ச்சு. ரொம்பிட்ச்சு. இன்னொன்னு வெச்சுக் குடு."

உறையை வாங்கினான். உள்ளே அந்தக் குட்டி ஜோபி புடைத்திருந்தது. மூடியை நூல் போட்டுத் தைத்து மூடி வைத்திருந்தாள், கோணல் மாணலாக. தொட்டால் ஏதோ சரசரத்தது. ஒரு நிமிஷம் அவன் விரல் அங்கேயே நின்றது. ஸ்டேஷனில் மணிக்கட்டைப் பிடித்த பிடி நினைவுக்கு வந்ததோ என்னவோ, விரலை எடுத்துக்கொண்டான்.

"எங்க வெக்கட்டும்?"

"எதிர் மூலையில. வலது பக்கம்."

"வலதா?" தலையைச் சொறிந்தான். "வலது நம்ம பாடு இல்லியே. லட்சுமணனையில்ல கேக்கணும்."

"நைனா!"

"சரி, சரி. கத்தாத. பாக்கறேன்."

ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள் பத்மா. அவன் துணியை இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான், எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தான், நாக்கைக் கடித்துக்கொண்டான். கடைசியில் மிதியில் கால் வைத்தான். கன்னியப்பன் வாழ்க்கையில் முதல் வலது ஜோபி கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. பத்மா பிரிக்க விடவில்லை.