அண்ணனா, தம்பியா?

எங்கள் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவருக்குக் கமா அக்கா என்று பெயர் வந்ததற்கு நானும் ஒரு காரணம். ஒரு கமாவுக்காக என்னோடு அரை நாள் மல்லுக்கு நின்றிருக்கிறார். முப்பத்தொரு வருடமாக அதே ஜன்னலோர மேசை, வரிக்கு அடியில் நகரும் மர ஸ்கேல், காதில் செருகிய சிவப்புப் பென்சில். தனக்குப் பின் பிறந்த நான்கு பேரைக் கரையேற்றிவிட்டுத் தனியாகவே இருந்துவிட்டவர். அதைச் சொல்லி அவர் புலம்பி நான் கேட்டதில்லை. வயதில் மூத்த முதலாளிகூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஆதிக் கிறிஸ்தவர்களின் கடிதங்கள் சிலவற்றை நான் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன். அதில் ஒன்றில், ஓடிப்போன அடிமையை அவனுடைய எஜமானிடமே திருப்பி அனுப்பி, இனி இவனை அடிமையாக நினைக்காமல் சகோதரனாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறார் எழுதியவர். அக்கா 'சகோதரன்' என்ற சொல்லைச் சுழித்து, ஓரத்தில் எழுதியிருந்தார்: அண்ணனா, தம்பியா?

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மூலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்றேன். சபையார் எல்லோரும் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைத்தார்கள், உடன்பிறந்தவனை ஏமாற்றாதே, பட்டினி போடாதே என்று கடமைகளையெல்லாம் அந்த உறவிலிருந்தே எடுத்தார்கள் என்று ஒரு வகுப்பே நடத்தினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரிங்க. ஆனா அண்ணன்னா நாம எழுந்து நிப்போம். தம்பின்னா தண்ணி கொண்டுவரச் சொல்லுவோம். எதுன்னு சொல்லாம விட்டா, எஜமான் தம்பின்னுதான் எடுத்துக்குவான்."

பதினெட்டு வருடமாக மொழிபெயர்ப்பில் குப்பை கொட்டுகிறேன். எனக்கு இது தோன்றியதே இல்லை. பொறாமையாக இருந்தது.

அவர் மனதில் இருந்தது கடிதத்து அடிமை மட்டுமல்ல, எங்கள் பைண்டரும்தான். முதலாளி அவரை எப்போதும் 'டேய்' என்றே கூப்பிடுவார். மூன்று மாதத்துக்கு முன்னால், தையல் கோணலாகிவிட்டதென்று எல்லோர் முன்னிலையிலும் புத்தகத்தை அவர் முகத்தில் விட்டெறிந்தார். அறுபது வயது மனிதர். ஊசியை வைத்துவிட்டுப் போனவர்தான். வேறெங்கும் வேலை கிடைக்காமல், தனக்காகப் பேசும்படி இப்போது அக்காவிடம் கேட்டிருந்தார்.

மறுநாள் காலை அக்கா அவரை வாசலில் நிறுத்திவிட்டு முதலாளியின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு வேலை செய்வதுபோல் இருந்தோம். பழசையெல்லாம் மறந்துவிடுகிறேன், இனிமேல் தம்பி மாதிரி பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளி பெரிய மனது பண்ணினார். நானாக இருந்தால் அதுவே போதுமென்று கும்பிடு போட்டுத் திரும்பியிருப்பேன்.

"அவரு உங்கள விட நாலு வயசு பெரியவரு. தம்பின்னு எப்படிச் சொல்றீங்க? அண்ணனா சேத்துக்கங்க. இல்லேன்னா நானும் அவரோட கிளம்பறேன்."

அக்காவின் குரல் உயரவே இல்லை. அந்த மேசையை விட்டால் அவருக்குப் போக இடமில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தார்.

"உள்ள வாங்க," என்றார்.

தனக்குப் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று பைண்டர் திரும்பிப் பார்த்தார்.

"உங்களத்தாண்ணே."