ஆடிச்சுற்றில் ஒரு கோலி நாய்

எண்பதுகளின் தொடக்கம். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த மாமா, மாற்றலாகிப் போகும்போது தன் கோலி நாயை எங்கள் வீட்டில் விட்டுப் போனார். குளிர்நாட்டில் ஆடு மேய்க்கும் இனம்; கழுத்தைச் சுற்றிச் சால்வை போர்த்தியதுபோல் முடி. சங்கரன்கோவிலில் அதைப் பார்த்த எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "பாவம், மொட்டை போட்டு விடுங்க."

அம்மாவும் முடிவு செய்துவிட்டாள். ஆடிக்காற்றில் ரசத்தில் முடி, விளக்குத் திரியில் முடி, என் வரைபடத் தாளிலும் முடி.

"வெள்ளிக்கிழமை நாவிதர் வாராரு. நான் கோயில் சுத்திட்டு வந்ததும் மொட்டைதான்."

நான் பாலிடெக்னிக்கில் மின்னியல் முடித்தவள். "உள்முடி வெயில உள்ள விடாதும்மா, பிளாஸ்க் மாதிரி. மழிச்சா தோல் வெந்துரும். உதிருத முடிய மட்டும் சீவி எடுக்கணும். காதுக்குப் பின்னாடி, தொடையிடுக்கு, வாலடி."

"பிளாஸ்க்குக்கு எதுக்குட்டி நாக்கு தொங்குது?"

நான் சீப்பை எடுத்துக்கொண்டு நாயிடம் போனேன்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால், நேர்ந்துகொண்ட எண்ணிக்கைக்குக் கோயிலைச் சுற்றுவது எங்கள் ஊர் வழக்கம். வெள்ளிக்கிழமை காலை அம்மா மிச்சச் சுற்றுகளுக்குப் போனாள். சீவிக்கொண்டிருந்த என் கையிலிருந்து நாய் நழுவி அவள் பின்னால் ஓடியது. நான் அதன் பின்னால் ஓடினேன்.

கோயில் வீதியில் கூட்டம் வட்டமாகப் போவதைக் கண்டதும் அதற்குப் பிறவிக்குணம் வந்துவிட்டது. உடலைத் தாழ்த்தி, குரைக்காமல், அரைவட்டம் அடித்தது. வளையல் கடையில் ஒதுங்கிய பெண்ணை மூக்கால் தள்ளிக் கூட்டத்தில் சேர்த்தது. வேட்டியை அவிழ்த்துக் கட்ட நின்ற ஒருவர் அலறினார்.

"ஏட்டி, இது கடிக்குமா?"

"கடிக்காது அண்ணாச்சி! கூட்டத்தோட போங்க, விட்டுரும்!"

அவர் வேட்டியைப் பிடித்தபடி ஓடினார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

அம்மா முழங்கால் வலியில் ஒரு படியில் உட்கார்ந்திருந்தாள். நாய் எதிரே நின்று கண் கொட்டாமல் பார்த்தது. "சீ, போ!" நகரவில்லை. பாதத்தை மூக்கால் முட்டியது. அம்மா எழுந்தாள். கடைசிச் சுற்றுவரை அது அவளை உட்காரவிடவில்லை.

வீட்டு வாசலில் நாவிதர் கத்தியுடன் காத்திருந்தார்.

"மொட்டை வேண்டாம், போயிட்டு வாரும்," என்றாள் அம்மா. "எங்கூடவே சுத்து முடிச்சிருக்கு."

"சுத்து முடிச்சா மொட்டைதானம்மா போடணும்?"

நான் நாயை இழுத்து என் பின்னால் நிறுத்தினேன்.

"நேந்தது நான்லா? அது என்னைய மேய்ச்சதோட சரி." அம்மா தன் பேன் சீப்பை எடுத்து உட்கார்ந்தாள். "ஏட்டி, எங்கன சீவணும்னு சொன்ன?"

"காதுக்குப் பின்னாடிம்மா."

முதல் இழுப்பிலேயே ஒரு பந்து முடி காற்றில் ஏறி, நாவிதரின் மீசையில் போய் உட்கார்ந்தது.