பச்சையா, பழுப்பா

“இது என்ன நிறம்?” என்று கேட்டாள் குர்மேஜ் கவுர்.

“பழுப்பு, அத்தை,” என்றாள் ரவ்னீத்.

“ஜன்னல்கிட்ட போய்ப் பாரு.”

ரவ்னீத் குச்சியை ஜன்னலருகே கொண்டுபோனாள். வெளியே கிடந்த பனியின் வெளிச்சத்தில் கண் கூசியது.

“ஜன்னல்கிட்டயும் பழுப்புதான்.”

“உன் கண்ணைச் சொல்லணும். எந்நேரமும் போனையே பாத்துக்கிட்டிருந்தா பச்சை எங்க தெரியும்?”

“காலையில என் கண்ணு சரியில்லன்னு சொன்னா,” என்றார் மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்த மாமா தர்பாரா சிங். “அப்புறம் அவ கண்ணாடி சரியில்ல. இப்ப உன் கண்ணு. அடுத்தது தபால்காரனைத்தான் கூப்பிடுவா, பாரு.”

“டீ குடிச்சாச்சுன்னா எழுந்து வேற வேலை பாருங்க, சர்தார்ஜி.”

“என்ன வேலை? வெளிய மைனஸ் இருபத்தேழு. லாரி கூடக் கிளம்பாது. நான் கிளம்புவேனா?”

அத்தை அதற்குள் இன்னொரு மொட்டைக் கீறியிருந்தாள். “இது?”

“நடுவுல பழுப்பு. ஓரத்துல…” ரவ்னீத் தயங்கினாள். “ஓரத்துல கொஞ்சம் பச்சை மாதிரி.”

“பச்சையா, பச்சை மாதிரியா?”

“மாதிரி.”

“மாதிரியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? பச்சைன்னு சொல்லு, இல்ல பழுப்புன்னு சொல்லு. வாயைத் திறந்து ஒண்ணு சொல்லத் தெரியாதா உனக்கு?”

ரவ்னீத் வாயைத் திறப்பதற்குள் அத்தை அடுத்த குச்சிக்குப் போய்விட்டாள்.

கோதுமை மாவு மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு வாளி நிறைய வெதுவெதுப்பான தண்ணீர். அதில் மெர்லோ ரக ஒயின் திராட்சையிலிருந்து வெட்டிய கொடிக்குச்சிகள் கட்டுக்கட்டாக நின்றன. அந்த ஜனவரியில், கனடாவின் மேற்கே ஆலிவர் ஊரிலிருந்து ஒசோயூஸ் ஊர் வரை திராட்சை போட்டிருந்த எல்லா வீட்டுச் சமையலறையிலும் இதே காட்சிதான். கடுங்குளிர் பள்ளத்தாக்கில் இறங்கி நான்கு நாள் நகராமல் உட்கார்ந்துவிட்டது. கொடியிலிருக்கும் ஒவ்வொரு மொட்டும் மிளகைவிடச் சற்றுப் பெரிது. சவர பிளேடால் குறுக்கே சீவினால் உள்ளே மூன்று புள்ளிகள் தெரியும். நடுவிலிருப்பது அந்த வருடத்து விளைச்சல், ஓரத்திலிருக்கும் இரண்டும் அது போனால் வருவதற்கான தம்பிகள். பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பென்றால் செத்துவிட்டது. இதில் ஒரே ஒரு சங்கடம், கீறிய மொட்டு என்ன நிறமாக இருந்தாலும் அப்புறம் துளிர்க்காது.

அத்தைக்குத் தெரிய வேண்டியது வெறும் நிறம் அல்ல. அவளுடைய பழத்தை வாங்கும் ஒயின் ஆலையிலிருந்து தோட்ட மேலாளர் இங்க்ரிட் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மார்ச்சில் இந்தச் சாலைக்கு வேரோடு பிடுங்கும் இயந்திரம் வரும். அதற்குள் பெயர் கொடுத்தவர்களுக்கு ஆலையே புதுச் செடி தரும். காத்திருந்து பார்க்கிறேன் என்பவர்கள் பிறகு தங்கள் கைக்காசில்தான் நட வேண்டும். கொடி செத்ததா பிழைத்ததா என்பது மே மாதம் துளிர் வரும்போதுதான் நிச்சயமாகத் தெரியும். ஆக, தெரிவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும். தெரியாமல் இருப்பதுதான் குர்மேஜ் கவுருக்கு உலகத்திலேயே ஆகாத காரியம்.

அவளால் எதையும் விட்டுவைக்க முடியாது. சப்பாத்தி கல்லில் இருக்கும்போதே மூன்று முறை தூக்கிப் பார்ப்பாள். டிவி நாடகத்தில் பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போவாள். ஜலந்தர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி ஆலிவருக்கு வந்த மறுவாரமே பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கன்வேயரில் ஆப்பிள் மெதுவாக வருகிறது என்று மேஸ்திரியிடம் சண்டை போட்ட ஒரே பெண் அவள்தான் என்று மாமா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

தோட்டம் வாங்கியபோது அதில் கிழட்டு ஆப்பிள் மரங்கள் இருந்தன. அவற்றைப் பிடுங்கிவிட்டு வேறு ரக ஆப்பிள் வைத்தாள். அது காய்க்கத் தொடங்கிய சமயத்தில் செர்ரிக்கு விலை ஏறியது, பாதியைப் பிடுங்கிச் செர்ரி வைத்தாள். பிறகு எதிர்ச் சரிவில் ஒரு ஜெர்மன்காரர் திராட்சை போட்டார். அதற்கடுத்து ஒயின் ஆலை வந்தது. அப்புறம் ஒயினை ருசி பார்க்க பஸ் பஸ்ஸாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சாலையில் மாதத்துக்கொரு புதுப் பெயர்ப்பலகை முளைத்தது. அத்தை வேலியோரம் நின்று ஒரு கோடை முழுக்கப் பார்த்தாள். அடுத்த வசந்தத்தில் மொத்தத் தோட்டத்தையும் பிடுங்கி மெர்லோ நட்டுவிட்டாள்.

“லாரி ஓட்டிட்டு வீட்டுக்கு வரேன், மரத்தையே காணோம்,” என்பார் மாமா. “வழி தப்பி வேற வீட்டுக்கு வந்துட்டேன்னு நினைச்சு வண்டியைத் திருப்பிட்டேன்.”

குருத்வாராவில் பெண்கள் சும்மா விடவில்லை. லங்கர் என்ற பொதுச் சமையலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒருத்தி கேட்டாள்: “என்ன குர்மேஜ், சாராயத்துக்கு விவசாயம் பண்றியாமே?”

“நான் பழம் விக்கிறேன், பஹன்ஜி. அவங்க அதை வெச்சு அல்வா கிண்டினா எனக்கென்ன? உங்க வீட்டு ஆப்பிள் எல்லாம் அமிர்தமாவா போகுது? அதையும் சைடர்னு புளிக்க வெச்சுத்தான் குடிக்கிறான்.”

மூன்றே வருடத்தில், கேட்டவளும் திராட்சை போட்டாள்.

ஆனால் முதல் விளைச்சல் வந்த வருடம் அத்தை ஒரு தவறு செய்தாள். ஆப்பிள் வளர்த்தவர்கள் எல்லாரும் செய்யும் தவறுதான் அது. தண்ணீரும் உரமும் தாராளமாகக் கொடுத்தாள். கொடி காடாக வளர்ந்தது, கொத்துக்கொத்தாகக் காய்த்தது. ஆகஸ்டில் இங்க்ரிட் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“குர்மேஜ், இதுல பாதியை வெட்டித் தரையில போடணும். இவ்வளவு இருந்தா ஒண்ணுலயும் இனிப்பு ஏறாது.”

“பாதியையா? காய்ச்சதையா?”

“ஆமாம்.”

“நீங்க பெத்ததுல பாதியை வெட்டிப் போடுவீங்களா?”

“எனக்கு ஒரே பையன். அதனாலதான் அவன் நல்லா வளர்ந்திருக்கான்,” என்றாள் இங்க்ரிட்.

அத்தை வெட்டினாள். தரையில் போடத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. பச்சைத் திராட்சை முழுவதையும் ஆப்பிள் பெட்டிகளில் அள்ளி வந்து துவையல் அரைத்தாள். அந்த மாதம் முழுவதும் குருத்வாராவில் பருப்போடு புளிப்புத் திராட்சைத் துவையல்தான். பெரியவர்கள் சிலர் பல் கூசித் தங்கள் வீட்டிலிருந்தே ஊறுகாய் கொண்டுவந்தார்கள். பாதி வெட்டச் சொன்னால் அத்தை வெட்டியது கால்வாசி என்பது அறுவடையில் தெரிந்தது. பழத்தில் இனிப்பு போதாது என்று ஆலை அந்த வருடம் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டாள். தண்ணீரை நிறுத்தினாள். கொத்துகளை வெட்டிக் கீழே போட்டாள், போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பழம் நன்றாக வந்தது. ஒருமுறை சேற்றுப் பூட்ஸோடு ஆலையின் ருசிக்கூடத்துக்கே வந்து நின்றாள். ரவ்னீத் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் கோடை அது. வந்திருந்தவர்களிடம் ஒயினில் வரும் வாசனைகளைக் கருஞ்செர்ரி, புகையிலை, மழை நனைத்த கல் என்றெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே அவள் ஊற்றிக்கொண்டிருந்தாள். அத்தை ஒரு கண்ணாடிக் குவளையை வாங்கி மோந்து மட்டும் பார்த்தாள். அவள் குடிக்கிறவள் அல்ல.

“கல்லு வாசனை எங்க வருது?” என்று பஞ்சாபியில் கேட்டாள்.

“அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க, அத்தை.”

“என் நிலத்துல ஒரு கல்லு விடாம நானே பொறுக்கிப் போட்டிருக்கேன். எவன் சொன்னான் அப்படி?”

அங்கே நின்ற பயணிகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்கள். ரொம்ப மணமாக இருக்கிறதாம் என்றாள் ரவ்னீத்.

அந்த மெர்லோதான் இப்போது வாளியில் நின்றது.

ஒவ்வொரு நாளும் காலையில் அத்தை தோட்டத்தில் ஒரு மூலைக்குப் போய்க் கொடி வெட்டி வருவாள். எல்லாம் பழுப்பு. பள்ளமான பகுதியில் ஓரத்துத் தம்பிகள்கூடப் பிழைக்கவில்லை. ஒருநாள், வீட்டை ஒட்டிக் கருங்கல் சுவருக்குப் பக்கத்திலிருந்த ஒற்றை வரிசையில் கீறிப் பார்த்தாள். நடுப்புள்ளி பச்சையாக இருந்தது. ரவ்னீத்தை ஜன்னலுக்கு அனுப்ப வேண்டிய அவசியமே இல்லாத பச்சை.

அத்தை கத்தியதில் மாமா படியில் வழுக்கி விழுந்துவிட்டார்.

“பொழைச்சிருக்கு! சுவரு காப்பாத்தியிருக்கு!”

“என் இடுப்பை யாரு காப்பாத்துறது, பாக்கியவதி?”

இங்க்ரிட்டிடம் போனில் சொன்னபோது அவளும் சந்தோஷப்பட்டாள். “அந்த வரிசையை இந்த வருஷம் கத்தரிக்கவே வேண்டாம். எல்லா மொட்டும் அப்படியே இருக்கட்டும். பிடுங்கிட்டு நடுற முடிவு எடுத்தா, அந்தக் கொடியை வெட்டிப் பதியன் போட்டுக்கலாம். பிடுங்கலன்னா அதுவாவது காய்க்கும். அதைத் தொடாதீங்க.”

“தொடமாட்டேன்,” என்றாள் அத்தை.

மறுநாள் ஒரே ஒரு மொட்டைக் கீறினாள், நேற்றுப் பார்த்தது நிஜம்தானா என்று. பச்சை. அதற்கு மறுநாள், குளிர் திரும்பியதால் இன்னும் இரண்டு. பச்சை. தூரத்துச் செடி எப்படியோ என்று அந்தக் கோடியில் சில. மேற்குப் பக்கம் காற்று அடித்ததே என்று அங்கே சில. ஒவ்வொரு முறையும் பச்சை. பச்சையைப் பார்த்த நிம்மதி மத்தியானம் வரைதான் தாங்கியது, அப்புறம் மறுபடி பிளேடோடு கிளம்பினாள். ரவ்னீத் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சொல்ல வாய் வரவில்லை. அத்தை சந்தோஷமாக இருந்த ஒரே நேரம் அதுதான்.

பிப்ரவரிக் கடைசியில் வெயில் வந்த ஒரு ஞாயிறன்று மூவரும் சுவரோரம் நின்றார்கள். கொடிகள் மேலிருந்த பனி உருகி அவை முழுசாக வெளியே தெரிந்தன. அந்த வரிசை நெடுக, கொடியில் மொட்டு இருக்க வேண்டிய இடமெல்லாம் சின்னச் சின்னத் தட்டையான தழும்புகள். அத்தை முதல் செடியிலிருந்து நடந்தாள். அடுத்த செடி. அதற்கடுத்தது. வேகமாக நடந்தாள், பிறகு மெதுவாக. கடைசிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“குளிர் தொடாததை நான் தொட்டுட்டேன்,” என்றாள்.

மாமா இதற்கு ஏதாவது சொல்வார் என்று ரவ்னீத் காத்திருந்தாள். அவரோ தன் கையுறையைக் கழற்றி அத்தையின் வெறும் கையில் மாட்டிவிட்டார்.

அன்று மத்தியானம் இங்க்ரிட் வந்தாள். வரிசையைப் பார்த்தாள், அத்தையின் முகத்தைப் பார்த்தாள், திட்டவில்லை. செடியின் அடியில் மண்டியிட்டுப் பனியைக் கையால் விலக்கிக் காட்டினாள். “இது ஒட்டுக்கட்டாத செடி, வேரும் மெர்லோதான். மேல எல்லாம் போனாலும் வேர் இருந்தா, அடியிலேருந்து புதுசா வரும். தோட்டம் முழுக்கவே வரலாம், பனி மூடியிருந்த இடம்தானே. வராமலும் போகலாம். கீறிப் பாத்து சொல்ல முடியாது. தோண்டிப் பாத்தா வேர் போயிடும். மே மாசம்தான்.”

“அப்ப மெஷின்?”

“அதுக்கு நாளைக்குள்ள பேர் சொல்லணும்.”

இங்க்ரிட் போனபின் அத்தை சமையலறையில் நின்றாள், உட்கார்ந்தாள், மாவு பிசைந்தாள், பிசைந்த மாவையே மறுபடி பிசைந்தாள். இத்தனை வருடத்தில் அவள் பிடுங்கியது எல்லாம் பிழைத்திருந்த மரங்கள். எதையும் காத்திருந்து பார்த்ததில்லை. பிடுங்கச் சொல்லிவிட்டால் சீக்கிரமே ஏதாவது ஒன்று நடக்கும், இயந்திரம் வரும், சத்தம் கேட்கும், கைக்கு வேலை இருக்கும். காத்திருந்தால் எதுவுமே இருக்காது, ஜன்னல் மட்டும்தான்.

மறுநாள் காலை இங்க்ரிட்டுக்குப் போன் செய்து, “என் பேரு வேண்டாம்,” என்றாள். வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள். மாமா டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

“என்ன பாக்குறீங்க? டீ ஆறுது.”

பிறகு இழுப்பறையைத் திறந்து பிளேடுப் பாக்கெட்டையும் கத்தரியையும் எடுத்தாள். தோட்டக் கதவின் சாவியையும் அதன் மேல் வைத்து, மூன்றையும் ரவ்னீத்தின் மடியில் போட்டாள்.

“இதை உன் அறையில எங்கயாவது வை. எங்கன்னு சொல்லாதே. நான் கேப்பேன், குடுக்காதே. திட்டுவேன், நீயும் திருப்பித் திட்டு. உனக்கு வாய் இல்ல, தெரியும், இந்த ஒரு தடவை வரவழைச்சுக்கோ.”

“சரி, அத்தை.”

“மே மாசம் நீதான் போய்ப் பாக்கணும். நான் இங்க ஜன்னல்ல நிப்பேன். பச்சை இருந்தா போன் பண்ணாதே, ஓடி வா.”

“இல்லன்னா?”

“இல்லன்னாலும் ஓடியே வா, கண்ணு. நீ நடந்து வந்தா எனக்குத் தூரத்துலயே தெரிஞ்சுடும்.”