தெரியாமல் செய்ததற்கும்

கனடாவின் மிசிசாகாவிலுள்ள அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ஒரு யூதர். குள்ளமானவர். முக்கியமான எதையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் சொல்வார். அவர்களுடைய பெரிய நோன்புக்கு முதல்நாள் அப்படி என்முன் வந்து நின்றார்.

"உங்கள் தம்பி எப்படி இருக்கிறார் என்று போன மாதம் கேட்டேன். அவர் இறந்துவிட்டது நேற்றுத்தான் தெரியவந்தது. மன்னியுங்கள்."

"தெரியாமல்தானே கேட்டீர்கள்?"

"விசாரித்திருக்கலாம். நோன்பு கடவுளுக்குச் செய்த பிழையைத்தான் தீர்க்கும். உங்களுக்குச் செய்ததை நீங்கள்தான் மன்னிக்க வேண்டும்."

மன்னித்தேன். அவர் இலேசான முகத்தோடு தன் வேலைக்குத் திரும்பினார். எனக்கு வயிறெரிந்தது.

முன்பு தமிழ்ப் பத்திரிகையில் வேலைசெய்தபோது, ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் உயிரோடிருக்கும் ஒருவரின் படத்தை மரண அறிவித்தலில் போட்டுவிட்டேன். மொன்றியலில் அதைப் பார்த்த அவருடைய தாய் மயங்கி விழுந்தார். படம் மாறி வந்தது எனக்குத் தெரியாது என்றே இன்றுவரை சொல்லிவருகிறேன்.

வீட்டில் மனைவியிடம் யூதரைப் பற்றிச் சொன்னேன்.

"அந்த ஸ்ரௌவ்வில் அண்ணையிட்டை நீங்களும் கேக்கலாம்தானே?"

"அவையளுக்கு அதுக்கெண்டு ஒரு நாள் இருக்கு."

"மன்னிப்புக் கேக்கிறதுக்கு யூதராகோணுமே?"

மறுநாள் முழுவதும் அந்த யூதர் பட்டினி கிடந்திருப்பார். நான் மூன்று வேளையும் சாப்பிட்டேன். பொறாமை எனக்குத்தான்.